சடங்குக்குத் தேதி போடுவோம்

1957இல் இங்கிலாந்தில் டொரீன் வாலியன்ட் என்ற பெண்ணிடம் சில தாள்கள் காட்டப்பட்டன. அவருக்கு அப்போது வயது 35. ஜெரால்டு கார்ட்னர் உருவாக்கிய 'விக்கா' என்னும் சூனியக்காரிகள் நெறியில், கார்ட்னரின் குழுவுக்குத் தலைமைப் பூசாரியாக இருந்தவர் அவர். அந்தத் தாள்களில் இருப்பவை வழிவழியாக வந்த பழைய விதிகள் என்றார் கார்ட்னர். அவற்றில் ஒரு விதி இப்படிப் போகிறது: பெண்தெய்வத்தின் உருவாக நிற்பவளுக்கு இளமை தேவை, ஆகவே தலைமைப் பூசாரி காலம் வரும்போது இளையவள் ஒருத்திக்கு வழிவிட்டு மனமுவந்து விலகிக்கொள்ள வேண்டும். இந்த விதியை நீட்டியவருக்கு 70 வயது கடந்திருந்தது.

விதிகள் முளைத்த நேரத்தைப் பாருங்கள். கார்ட்னர் பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்துக் குழுவை அம்பலத்தில் நிறுத்துகிறார் என்று வாலியன்ட்டும் வேறு சிலரும் கவலைப்பட்டார்கள். அதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று தாங்களே சில விதிகளை எழுதி அவருக்கு அனுப்பினார்கள். பதிலாக வந்தவைதான் அந்தத் தாள்கள். புது விதிகள் எதற்கு, பழைய விதிகளே இருக்கின்றனவே என்றார் அவர். அவ்வளவு பழையவை என்றால் இத்தனை நாள் ஏன் கண்ணில் காட்டவில்லை என்று கேட்டுவிட்டு வாலியன்ட் வெளியேறினார்.

பெண்கள் சடங்கு பற்றிப் பேசும்போதெல்லாம் நான் முதலில் சொல்ல விரும்பும் கதை இது. என் மாணவிகளின் கைப்பேசிகளில் இன்று முழுநிலவுச் சடங்கு, டாரட் சீட்டு, 'உனக்குள் இருக்கும் தேவியை எழுப்பு' என்ற கட்டணப் பயிலரங்கு எல்லாம் வந்து விழுகின்றன. 'மேடம், இதெல்லாம் கிறித்தவத்துக்கு முந்தைய பெண்களின் மதமாமே' என்று ஆசையாகக் கேட்கிறார்கள். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் 'முந்தைய' என்ற சொல்லிடம் எச்சரிக்கையாக இருங்கள் என்கிறேன். பேகன் சடங்கு என்று இன்று உலகெங்கும் நடப்பது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் உட்கார்ந்து எழுதியது. அது அதன் குறை என்று நான் நினைக்கவில்லை. எழுதப்பட்டது என்பதால்தான் அதைத் திருத்தலாம், கிழிக்கலாம், நம் கையால் புதிதாக எழுதலாம். அதைப் பழசு என்று சொல்லும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. பழமை என்பது கேள்வி கேட்கும் பெண்ணை உட்காரவைக்கும் கருவி. 1957இல் அது எப்படி வேலை செய்தது என்று பார்த்துவிட்டோம்.

முதலில் எழுதியவர்களின் கணக்கைத் தீர்த்துவிடுவோம். எகிப்தியலாளர் மார்கரெட் மர்ரே 1921இல் ஒரு நூல் எழுதினார். ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் உண்மையில் ஒரு பழைய மதத்தைச் சேர்ந்தவர்கள் என்பது அவர் வாதம். வரலாற்றாய்வாளர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். கார்ட்னர் எடுத்துக்கொண்டார். பிரிட்டனின் 1735ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல், அந்த மதம் இன்னும் சாகவில்லை, நான் அதில் சேர்ந்திருக்கிறேன் என்று ஒரு நூல் வெளியிட்டார். முன்னுரை மர்ரேயுடையது. 1999இல் ரொனால்டு ஹட்டன் என்ற வரலாற்றாய்வாளர் இந்த நெறி நவீன இங்கிலாந்தில் எப்படி உருவானது என்று நூல் முழுக்க விரித்துக் காட்டினார்.

1953இல் குழுவில் சேர்ந்த வாலியன்ட் அப்போதே இதைக் கண்டுகொண்டார். பழைய மந்திரம் என்று கையில் கொடுக்கப்பட்டதில் அலிஸ்டர் குரோலியின் வரிகள் இருப்பதை அவர் அடையாளம் கண்டார். உன்னால் முடிந்தால் இதைவிட நன்றாக எழுது என்றார் கார்ட்னர். எழுதினார். இன்று பேகன்கள் வட்டமாக நின்று ஓதும் உரைகளில் மிகப் புகழ்பெற்றது, பெண்தெய்வம் தன் வாயால் பேசுவதாக அமைந்தது, அவர் கையில் உருப்பெற்றதுதான். எழுதியவர் ஒரு பெண். பெயர் போனது முன்னோர்களுக்கு.

இதோடு இன்னொரு கணக்கும் உண்டு. ஐரோப்பாவில் 90 லட்சம் பெண்கள் எரிக்கப்பட்டார்கள் என்று பெண்ணிய மேடைகளில் நெடுங்காலம் சொல்லப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் ஒருவர் ஒரே ஒரு நகரத்தின் கணக்கை வைத்துக் கண்டம் முழுமைக்கும் பெருக்கிப் போட்ட எண் அது. அமெரிக்கப் பெண்ணுரிமைப் போராளி மட்டில்டா ஜோஸ்லின் கேஜ் 1893இல் எழுதிய நூல் வழியாக நம் இயக்கத்துக்குள் நுழைந்தது. இன்றைய ஆய்வாளர்கள் சொல்வது 40,000 முதல் 60,000 வரை. அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள். 40,000 போதாதா? செத்தவர்களைப் பெருக்கிக் காட்டுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கொல்லப்பட்ட அந்தப் பெண்களில் பெரும்பாலோர் எந்த ரகசிய மதத்தையும் சேர்ந்தவர்கள் அல்லர். பக்கத்து வீட்டு மாடு செத்ததற்குப் பொறுப்பாக்கப்பட்ட சாதாரணக் கிறித்தவப் பெண்கள். அவர்களைப் பூசாரிகளாக்கி நம் மூதாதையர் பட்டியலில் சேர்த்துக்கொண்டால், ஒரு பொய்க்குற்றச்சாட்டை 400 ஆண்டுகள் கழித்து நாமும் உறுதிப்படுத்துகிறோம். ஜார்க்கண்டிலும் அசாமிலும் பெண்களைச் சூனியக்காரி என்று அடித்துக் கொல்வதற்கு எதிராகத் தனிச் சட்டங்கள் இயற்ற வேண்டியிருந்த நாட்டில் இருந்துகொண்டு இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

இந்த வரலாற்றில் நமக்கும் ஓர் ஓரம் உண்டு. கார்ட்னர் தன் இளமையை இலங்கையில் கழித்தவர். 1900க்குப் பிறகான சில ஆண்டுகள் மஸ்கெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டத்தில் வேலை. பிறகு மலாயாவில் ரப்பர்த் தோட்டம், சுங்கத் துறை. மஸ்கெலியாவில் கொழுந்து கிள்ளியவர்கள் தமிழ்ப் பெண்கள். அவர்கள் தோட்டத்து லயங்களுக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்ட மாரியம்மனுக்கு மிஷனரித் தமிழில் ஒரு பெயர் இருந்தது: அஞ்ஞானம். பேகன் என்ற ஐரோப்பியச் சொல்லும் அப்படி எட்டி நின்று வைத்த பெயர்தான். லத்தீனில் பட்டிக்காட்டான் என்பதுபோன்ற சொல், கிறித்தவர் அல்லாதவருக்கு ஆகிவந்தது. ஆக, வெள்ளைக்கார ஓய்வூதியர் ஒருவர் விரும்பி எடுத்து அணிந்துகொண்ட பட்டம், கொழுந்துக்கூடை சுமந்த பெண்ணின் மீது அவள் கேட்காமலே ஒட்டப்பட்டது. பேகன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் முன் இந்த வேறுபாட்டை நினைவில் வைப்போம்.

இனி செய்முறை. தோழிகளே, ஒரு சடங்கை வகுக்க உட்காருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விக்கா வழியில் பொதுவாக நடப்பது இது: இடத்தையும் ஆட்களையும் தூய்மைப்படுத்துவது, வட்டம் வரைவது, நான்கு திசைகளை அழைப்பது, தெய்வத்தை அழைப்பது, எதற்காகக் கூடினார்களோ அந்தக் காரியத்தைச் செய்வது, உணவும் மதுவும் பகிர்வது, அழைத்தவர்களுக்கு நன்றி சொல்லி அனுப்புவது, வட்டத்தைத் திறப்பது. நல்ல கட்டமைப்பு. தொடக்கம், நடு, முடிவு மூன்றும் தெளிவாக உண்டு. ஒவ்வொரு படியிலும் ஒரு அரசியல் கேள்வி காத்திருக்கிறது.

முதல் கேள்வி, எதற்காக. ஒரே வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால் கூடாதீர்கள். பெண்கள் மட்டுமே கூடினால் சடங்கு பெண்களுடையதாகிவிடும் என்ற மயக்கம் நமக்கு வேண்டாம். நம் தென்மாவட்டங்களில் ஔவையார் நோன்பு இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இரவில், ஆண்வாடையே இல்லாமல், உப்பில்லாத கொழுக்கட்டை அவித்துப் பெண்கள் மட்டும் நடத்துவது. ஆண்குழந்தைகூடப் பார்க்கக் கூடாது. இவ்வளவு கறாரான பெண்வெளியை அமெரிக்கப் பெண்ணியர்கள் 1970களில்தான் உருவாக்கினார்கள். ஆனால் அந்த இரவில் நாம் கேட்பது என்ன? கணவன் நலம், கல்யாணம், பிள்ளைவரம். அறை நம்முடையது, விண்ணப்பம் அவர்களுடையது.

எதற்காக என்பது தெளிவாக இருந்தால் சடங்கு என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு கிரீன்ஹாம் காமன் சாட்சி. அணுஆயுத ஏவுகணைகள் வரவிருந்த அந்த பிரிட்டிஷ் விமானத்தளத்தை 1982 டிசம்பர் 12 அன்று ஏறத்தாழ 30,000 பெண்கள் கைகோத்துச் சுற்றி நின்றார்கள். கம்பிவேலியில் குழந்தைத் துணிகளையும் புகைப்படங்களையும் கட்டினார்கள், நூலால் சிலந்திவலை பின்னினார்கள். 1983 புத்தாண்டு விடியலில் 44 பெண்கள் வேலி தாண்டிப்போய் ஏவுகணைக் கிடங்கின் மேல் வட்டமாக நின்று ஆடினார்கள். அங்கே எல்லோரும் பேகன்கள் அல்லர். ஆனால் வட்டம் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டாவது, திசைகள். விக்காவில் கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு நிலம். மாறாத பிரபஞ்ச உண்மைபோல இதை நூல்கள் அச்சிடும். ஆனால் தெற்கே வெயில் இருப்பது இங்கிலாந்தில் நிற்பவருக்கு. ஆஸ்திரேலியப் பேகன்களில் பலர் நெருப்பை வடக்குக்கு மாற்றிவிட்டார்கள். பண்டிகைகளையும் ஆறு மாதம் தள்ளிவைத்துக்கொண்டார்கள். தெய்வம் கோபித்துக்கொள்ளவில்லை. சென்னையில் மொட்டைமாடியில் நின்று, கிழக்கே கடலை வைத்துக்கொண்டு, மேற்கு நோக்கி நீரை அழைக்கும் பெண்ணைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். திரும்பிப் பாரம்மா, கடல் அங்கே இருக்கிறது என்பேன்.

மூன்றாவது, யாரை அழைப்பது. மேலைப் பேகன் வட்டங்களில் நம் காளி மிகவும் பிரபலம். கோபக்காரி, கறுப்பி, கட்டற்றவள் என்று அழைக்கிறார்கள். அழைக்கட்டும். ஆனால் அவர்கள் கொண்டுபோன காளியோடு அவள் கோயில்வாசல் போகவில்லை. எந்தத் தெருக்காரர்கள் அதைத் தாண்டலாம், எவர் வெளியே நிற்க வேண்டும், திருவிழாவில் யார் பறையடிக்க வேண்டும், யார் தேர்வடம் தொடக் கூடாது என்பதெல்லாம் இங்கேயே தங்கிவிட்டது. அப்படிச் சாதி கழுவப்பட்ட காளி இப்போது ஆங்கிலப் பயிலரங்கு வழியாக நம் நகரத்துப் பெண்களிடம் திரும்பி வருகிறாள். வெளிநாட்டுப் பெண்ணுக்கு அது தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் காளியை வாங்கினால் அது நம் வசதிக்கு.

நான்காவது, வட்டத்துக்குள் யார். ஹங்கேரியிலிருந்து அகதியாக அமெரிக்கா வந்த ஜூசன்னா புடாபெஸ்ட் 1971இல் லாஸ் ஏஞ்சலிஸில் பெண்கள் மட்டுமே கொண்ட குழுவைத் தொடங்கினார். வாக்குரிமைப் போராளி சூசன் பி. ஆந்தனியின் பெயரை அதற்கு வைத்தார். 1975இல் டாரட் சீட்டுப் பார்த்ததற்காக அவரைக் கைது செய்தார்கள். சீட்டுப் பார்க்க வந்தவள் மாறுவேடத்துப் பெண் போலீஸ். அந்த வழக்கில் நின்ற துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன். அதே புடாபெஸ்ட் 2012இல் கலிபோர்னியாவின் பேந்தியாகான் மாநாட்டில், பிறப்பால் பெண்களாக இருப்பவர்களுக்கு மட்டும் என்று அறிவித்துச் சடங்கு நடத்தினார். திருநங்கையருக்கு இடமில்லை என்பது அதன் பொருள். பேகன்கள் பலர் வாசலுக்கு வெளியே மௌனமாக உட்கார்ந்து எதிர்த்தார்கள். அவருடைய வாதத்திலும் 'நம் வழி எப்போதும் இதுதான்' என்ற தொனி கேட்கிறது. தொடங்கி 40 ஆண்டுதான் ஆகியிருந்தது. 40 ஆண்டு போதும், ஒரு மரபு உருவாகி ஒருத்தியை வெளியே நிறுத்த.

இதற்கு நேர்மாறாகச் செய்தவர் ஸ்டார்ஹாக். 1979இல் அவர் எழுதிய 'தி ஸ்பைரல் டான்ஸ்' நூலைப் படித்துச் சடங்கு கற்றவர்கள் ஏராளம். ஆண்சக்தி, பெண்சக்தி என்ற இரட்டைக் கணக்கை அதில் நிறையவே பயன்படுத்தியிருந்தார். பின்வந்த பதிப்புகளில் அந்த இடங்களுக்குத் தாமே குறிப்பெழுதி, இப்போது இப்படி நினைக்கவில்லை என்று அச்சிட்டார். அவர் தொடங்கிவைத்த 'ரிக்ளெய்மிங்' குழுவினர் 1997இல் தங்கள் கொள்கைகளை எழுதி வைத்தார்கள். 2012இல் கூடிப் பேசி, தேவி, தேவன் என்ற இருமையைப் பல பாலினத் தெய்வங்கள் என்று மாற்றினார்கள். தேதியிட்ட சடங்கால்தான் இப்படித் திருந்த முடியும்.

ஐந்தாவது, மையத்தில் யார் நிற்பது. ஒருத்தியே எப்போதும் நின்றால் சில மாதங்களில் அவள் அம்மன் ஆகிவிடுவாள், மற்றவர்கள் பக்தைகள். சுற்றிவிடுங்கள். வாய் தடுமாறுபவளும் நிற்கட்டும். முதியவளும் நிற்கட்டும், கார்ட்னரின் தாளுக்கு அதுதான் பதில். உரையை முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். தனக்குப் புரியாத சொல்லுக்கு ஆமென்றோ அப்படியே ஆகட்டும் என்றோ எவளும் சொல்ல வேண்டியதில்லை.

ஆறாவது, சோறு. பகிர்ந்துண்பது சடங்கின் படிகளில் ஒன்று என்று பேகன் நூல்கள் சொல்வதை நான் வரவேற்கிறேன். பாத்திரம் கழுவுவதையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். யார் சமைத்தது, யார் விளக்குத்திரி திரித்தது, முடிந்தபின் மெழுகைச் சுரண்டித் தரையைத் துடைத்தது வீட்டுவேலைக்கு வரும் அக்காவா என்று கேளுங்கள். அவருக்கு வட்டத்தில் இடமில்லாமல் துடைப்பத்தில் மட்டும் இடமென்றால், துடைப்பத்தைச் சின்னமாகக் கொண்ட சூனியக்காரிகள் வெட்கப்பட வேண்டும்.

என் பகுத்தறிவுத் தோழர்கள் இந்நேரம் பொறுமையிழந்திருப்பார்கள். மூடநம்பிக்கையைத் திருத்தி எழுதுவதற்கு ஒரு பெண்ணியமா என்பார்கள். அவர்களுக்கு ஒன்றே ஒன்றை நினைவுபடுத்துகிறேன். தமிழ்நாட்டில் 20ஆம் நூற்றாண்டில் ஒரு சடங்கை மிக வெற்றிகரமாக எழுதியவர்கள் நீங்கள்தான். சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் இல்லை, தீ இல்லை, புரியாத மொழி இல்லை. மாலை மாற்றுவது, புரிகிற மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்வது, சுற்றத்தாரும் நண்பர்களும் சாட்சி. முன்னோர் செய்தார்கள் என்று பெரியார் சொல்லவில்லை. நாம் செய்கிறோம் என்றார். நீண்டகாலம் சட்டத்தின் கண்ணில் செல்லாததாக இருந்து, அண்ணா ஆட்சியில் 1967ஆம் ஆண்டுத் திருத்தத்தால் செல்லுபடியானது. பழமையைத் துணைக்கழைக்காத சடங்கும் மனிதர்களைக் கட்டும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று? அந்தச் சடங்கிலும் மேடையில் மைக்கைப் பிடிப்பது இன்றும் ஏன் ஆண்களாகவே இருக்கிறார்கள், இரண்டு மணிநேர வாழ்த்துரையில் மணப்பெண் ஏன் வாய்திறப்பதில்லை என்பதை நீங்கள் என்னோடு சேர்ந்து யோசிக்கலாம்.

நம்பிக்கையுள்ள தோழிகளுக்கும் ஒன்று. எழுதப்பட்டது என்றால் புனிதம் போய்விடுமே என்று அஞ்சாதீர்கள். ஸ்டார்ஹாக்கின் குழுவினர் ஆண்டுதோறும் அக்டோபர் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் கூடி, அந்த ஆண்டில் இறந்தவர்களின் பெயர்களை உரக்க வாசிக்கிறார்கள். 1979இல் தொடங்கிய வழக்கம் அது. தொடங்கிய ஆண்டு எல்லோருக்கும் தெரியும் என்பதால் அங்கே யாருடைய கண்ணீரும் குறைவதில்லை. வாலியன்ட்டும் 1978இல், ஒரு பெண் யாருடைய அனுமதியும் இல்லாமல் தன்னைத் தானே இந்நெறியில் சேர்த்துக்கொள்ளும் சடங்கொன்றை எழுதித் தம் பெயரிலேயே நூலில் வெளியிட்டார். 21 ஆண்டுகளுக்கு முன் காட்டப்பட்ட தாள்களுக்கு முன்னோர் பெயர் தேவைப்பட்டது. அவருக்குத் தேவைப்படவில்லை.

ஆகவே எழுதுங்கள். தாளின் அடியில் எழுதியவர்களின் பெயர்கள், ஊர், தேதி. பக்கத்தில் நாலு விரற்கடை ஓரம் விடுங்கள், அடுத்த ஆண்டு வருபவள் அடித்துத் திருத்த இடம் வேண்டும். அவள் திருத்தும்போது 'நம் வழக்கம் இதில்லை' என்று உங்களில் எவளாவது சொன்னால், தேதியைக் காட்டுங்கள்.